பல் முளைத்த முட்டைகள்

என் அண்ணி யாரிடமும் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். வாயைப் பார்த்துத்தான் பேசுவார். அண்ணன் அவரை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்து வந்த அன்று நான் டீத் தட்டோடு போய் நின்று, வாங்க என்று சிரித்தேன். அவர் பதிலுக்குச் சிரிக்கவில்லை. சற்றே குனிந்து என் வாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டு, கீழ் வரிசையில் இடப்பக்கம் ஒரு பல் உள்ளே சாய்ந்திருக்கிறதே, நாக்கைக் கடிக்கிறதா என்று விசாரித்தார். சந்தையில் மாடு வாங்க வந்தவர்கள்கூட முதலில் இரண்டு வார்த்தை நலம் விசாரிப்பார்கள். எனக்கு வந்ததே கோபம். அந்தப் பல் நிஜமாகவே நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தது என்பதில் இன்னும் கோபம்.

அண்ணிக்குத் தொழில் பல் செட் செய்வது. டாக்டர் வாயை அளவெடுத்து அனுப்புவார். அந்த அளவில் அச்சு வார்த்து, மெழுகில் ஈறு பிடித்து, ஒவ்வொரு பல்லாகப் பதித்து, பிறகு மெழுகைப் பிளாஸ்டிக்காக மாற்றி, தேய்த்து மெருகேற்றிக் கொடுப்பது அண்ணி. பஸ்ஸில் போகும்போது திடீரென்று முழங்கையால் இடிப்பார். அதோ ஜன்னலோரம் ஒருவர் சிரிக்கிறார் பார், அது நம்ம மேல் வரிசை என்பார். அந்த மனிதர் தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருப்பார். இவர் அவரைப் பெற்ற தாய் மாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

ஊர் வாயெல்லாம் சரிசெய்கிற அண்ணிக்கு முன்பல் ஒன்று பாதிதான் இருக்கிறது. சின்ன வயதில் தெருக்குழாயில் போய் மோதிக்கொண்டாராம். சிரிப்பு வந்தால் கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். நீங்களே ஒன்று செய்து வைத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டால் செய்யணும், செய்யணும் என்பார். நான் இந்த வீட்டில் இருந்து பார்க்கிற காலமெல்லாம் செய்யணும்தான்.

இந்த வீடு என்றால், கீழே அண்ணன் குடும்பம், மாடி அறையில் நானும் என் பையனும். என் வீட்டுக்காரர் வெளியூர் வேலையில் இருக்கிறார். அண்ணன் பஸ் ஓட்டுகிறார். நான் சலவைக் கடையில் கவுண்டரில் நிற்கிறேன். அடுத்தவர் சட்டையில் இருக்கிற கறையைப் பார்த்து, இது குழம்பு, இது பேனா மை, இது வெளியே சொல்ல முடியாதது என்று பிரித்துப் போடுவது என் வேலை. எனக்கு அழுக்கு ஆகாது. வீட்டில் யாராவது எதையாவது சிந்தினால் என் குரல் தெருமுனை வரைக்கும் கேட்கும் என்று அண்ணன் சொல்வார். மிகைப்படுத்துகிறார். பால் கடை வரைக்கும்தான் கேட்கும்.

அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பல் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தார். அங்கே ஆளுக்கொரு வேலை. ஒருவர் அச்சு வார்ப்பார், ஒருவர் பல் பதிப்பார், ஒருவர் மெருகேற்றுவார். யார் வாய்க்குப் போகிறதென்று யாருக்கும் தெரியாது. அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. வேலையை உதறிவிட்டு, எங்கள் முன்னறையில் ஒரு மேசை, ஒரு பாலிஷ் மெஷின், ஓர் அலமாரி போட்டுச் சொந்தப் பட்டறை திறந்துவிட்டார். திறந்ததுதான் மிச்சம். டாக்டர்கள் எல்லாரும் பழக்கமான இடத்துக்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பக்கத்துத் தெரு டாக்டர் ஒருவர் ஒரே ஒரு வாயை அனுப்பிவைத்தார். இந்த வாயைச் சமாளித்துக் காட்டுங்கள், இனி என்னிடம் வருகிற எல்லாருக்கும் நீங்கள்தான் செய்கிறீர்கள் என்றார். சமாளிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அது எங்களுக்கே தெரியும். அண்ணியின் பழைய நாற்காலியை ஆஸ்பத்திரியில் இன்னும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். வசந்த விடுமுறை முடிந்ததும் வந்துவிடுகிறாயா என்று கேட்டும் அனுப்பியிருந்தார்கள்.

அந்த வாய் விசில்காரருடையது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பகுதி மைதானத்தில் எந்தக் கால்பந்து ஆட்டம் நடந்தாலும் அவர்தான் நடுவர். அவர் சிரித்துப் பார்த்தவர்கள் இல்லை. பல் எல்லாம் போன பிறகு மூன்று பேரிடம் மூன்று செட் செய்துகொண்டார். மூன்றும் சாப்பிட உதவின, பேச உதவின, விசில் ஊத மட்டும் உதவவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்தால் மேல் வரிசையும் கூடவே வந்தது. ஒருமுறை பெனால்டி கொடுக்கப்போய் பல் புல்லில் விழ, கோல்கீப்பர் அலறிக்கொண்டு கோலை விட்டே ஓடிவிட்டான். அதற்குப் பிறகு அவர் கைதட்டித்தான் ஆட்டம் நடத்தினார். தனக்குச் சாதகமில்லாத கைதட்டல் எந்த ஆட்டக்காரனுக்குக் கேட்கும்?

அண்ணி முதலில் செய்த காரியம், மைதானத்துக்குப் போய் உட்கார்ந்ததுதான். பந்தைப் பார்க்கவில்லை, ஆட்டம் முழுக்க அவர் வாயையே பார்த்தார். அவருக்குக் கூச்சமாகிப் பாதி ஆட்டத்தில் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு வீட்டுக்கு வரவழைத்து, வெறும் ஈறோடு விசிலைப் பிடித்துக் காட்டச் சொன்னார். அவர் நடுவில் பிடிப்பதில்லை, இடது ஓரத்தில் கடித்துப் பிடிக்கிறவர் என்று தெரிந்தது. அந்த இடத்துப் பற்களைக் கொஞ்சம் தட்டையாக்கி, மேல் செட்டின் விளிம்பைக் கன்னத்துப் பக்கம் கொஞ்சம் ஏற்றி, மெழுகிலேயே மறுபடி மறுபடி மாற்றினார். எல்லாம் சரியாக வந்தது. ஒரு சண்டைதான் மிச்சம். விசில்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது என் வாய் மாதிரி இல்லை, குளியலறை டைல்ஸ் மாதிரி இருக்கிறது, இவ்வளவு வெள்ளை வேண்டாம் என்றார். டாக்டர் குறித்துக் கொடுத்த நிறம் இதுதான், மாற்ற முடியாது என்றார் அண்ணி. நிற விஷயத்தில் அவரிடம் கடவுளே வந்து கேட்டாலும் டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றுதான் கேட்பார்.

வசந்த விடுமுறைக்கு முதல்நாள் செட் முடிந்தது. காய்ந்தால் அளவு பிசகும் என்று தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்தார். விடுமுறை அன்று சாயங்காலம் மைதானத்தில் வருஷாந்திரப் பெரிய ஆட்டம். அதற்கு முன்னால் விசில்காரர் வந்து வாங்கிக்கொண்டு போய், அங்கே ஊதிப் பார்ப்பார். டாக்டரும் ஆட்டம் பார்க்க வருவார். அண்ணியின் பட்டறை நிற்பதும் கவிழ்வதும் அந்த ஒரு விசிலில் இருந்தது.

விடுமுறைக் காலையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் முட்டைக்கு வண்ணம் ஏற்றுவார்கள். ஏற்றி ஜன்னலில் வரிசையாக வைப்பார்கள், போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். எனக்கு அந்த நாளில் ஒரே ஆசைதான், பகல் ஏறும்வரை தூங்குவது. கீழே கிளம்பிய சத்தத்தில் அது நடக்கவில்லை.

இறங்கி வந்தால் சாப்பாட்டு மேசையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. அவித்த முட்டைகள் ஒரு பேசின் நிறைய. அண்ணன் பெரிய மகள், பத்து வயது, எங்கள் வீட்டு நீதிபதி. யார் எத்தனை முட்டை செய்யலாம், யார் எந்தக் கரண்டியைத் தொடலாம் என்று சட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். என் பையன் வாலு, எட்டு வயது, அந்தச் சட்டங்களை ஒவ்வொன்றாக மீறிக்கொண்டிருந்தான். அண்ணன் சின்ன மகள் பொடிசு, நாலு வயது, மேசைக்கு மேலே கண்ணும் நெற்றியும் மட்டும் தெரிய நின்று, இதை முக்கலாமா, இதை முக்கலாமா என்று கேட்டபடியே இருந்தாள். பீட்ரூட் வேகவைத்த தண்ணீர் ஒரு டம்ளரில், ஊதா முட்டைக்கோஸ் தண்ணீர் ஒன்றில், மஞ்சள்தூள் கரைத்தது ஒன்றில். எல்லாவற்றிலும் வினிகர். நான் மேசை விரிப்பைப் பற்றி ஆரம்பித்தேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அண்ணி முன்னறையில் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் மட்டும் பார்க்கிறேன் என்று வந்தார். வாலு ஒரு முட்டையில் பென்சிலால் கோடு கிழித்துக் கோணலாக்கியிருந்தான். அதைப் பார்க்கச் சகிக்காமல், இங்கே கொடு என்று வாங்கினார். பட்டறையிலிருந்து மெழுகுக் கத்தியையும் சின்ன ஸ்பிரிட் விளக்கையும் எடுத்து வந்து, உருகிய மெழுகால் ஓட்டின் மேல் இலையும் கொடியுமாக இழைத்து, பீட்ரூட்டில் முக்கி எடுத்தார். மெழுகு இருந்த இடத்தில் சாயம் பிடிக்கவில்லை. மெழுகை வழித்ததும் சிவப்பு முட்டையில் வெள்ளைக் கொடி படர்ந்து நின்றது. பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். அந்தப் பிளந்த வாய்களையும் அண்ணி ஒரு பார்வை பார்த்து, வாலுவின் கடைவாய்ப் பல் ஆடுகிறது என்று எனக்குத் தகவல் சொன்னார்.

அதோடு பத்து நிமிஷம் காணாமல் போயிற்று. அண்ணிக்குப் பித்துப் பிடித்துவிட்டது. டிரில்லைக் கொண்டு வந்து முட்டை ஓட்டின் மேல்பக்கத்தை மட்டும் சுரண்டிப் பூ போட்டார். டம்ளர் போதவில்லை என்று பட்டறை அலமாரியைத் திறந்துபோட்டு அங்கிருந்த டம்ளர்களை அள்ளி வந்தார். கை நின்றாலும் வாய் நிற்கவில்லை, வாய் நின்றாலும் கால் நிற்கவில்லை, மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தார். மீன் வாங்குகிறவர் போல முட்டை ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, இது அகல முகம், இது நீள முகம் என்று பிரித்தார். அப்போதுதான் வாலு அந்தக் கேள்வியைக் கேட்டான். முகம் இருக்கிறது, சரி, வாய் எங்கே?

அண்ணி ஒரு நொடி யோசித்தார். உள்ளே போய், தேர்ந்தெடுத்தது போக ஒதுக்கி வைத்திருந்த பற்கள் அடங்கிய டப்பாவோடு வந்தார். இளஞ்சிவப்பு மெழுகில் குட்டி ஈறு பிடித்து, நாலு பல் பதித்து, முட்டையில் ஒட்டி நிமிர்த்தி வைத்தார். முட்டை எங்களைப் பார்த்து ஈயென்று இளித்தது.

அதற்குப் பிறகு வீடு வீடாக இல்லை. எல்லா முட்டைக்கும் பல் வேண்டும் என்றார்கள். எத்துப்பல் முட்டை வந்தது, பல் இடுக்குள்ள முட்டை வந்தது, ஒற்றைப் பல் முட்டை வந்தது. பஸ் தொப்பியோடு அண்ணன் முட்டை வந்தது. கடைசியாகப் புருவத்தை நெரித்துக்கொண்டு, கீழ் வரிசையில் ஒரு பல் உள்ளே சாய்ந்த முட்டை ஒன்றை அண்ணி மேசைமேல் மெதுவாக வைத்தார். இது யார் என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கத்துவதற்காகத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாக. வெளியே வந்தது சிரிப்பு. சிரித்த சிரிப்பில் விலா பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன், பீட்ரூட் தண்ணீர் சிந்தியிருந்த இடத்தில். ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. பால் கடைக்காரர் தன்னையும் ஒரு முட்டையாகச் செய்யச் சொல்லி ஜன்னல் கம்பி வழியாகப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்.

இந்த அமளியில் பொடிசு மட்டும் தன் கேள்வியை விடவில்லை. இதை முக்கலாமா என்று பதினெட்டாவது தடவையோ என்னவோ அண்ணியின் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். அண்ணி கையில் பல், வாயில் இன்னொரு பல்.

"வெள்ளையா, வழுவழுன்னு எது இருந்தாலும் முக்கும்மா. என்னைக் கேட்டுக்கிட்டே இருக்காதே."

அது போதும் அவளுக்கு. சத்தம் போடாமல் வேலையில் இறங்கிவிட்டாள். முட்டைக்கோஸ் டம்ளரில் மேசைப்பந்து விழுந்தது. பீட்ரூட்டில் சோப்புக்கட்டி விழுந்தது. என் நல்ல சட்டையின் மூன்று பித்தான்களும் விழுந்தன, சட்டையோடு. அதையெல்லாம் நாங்கள் பிறகுதான் கண்டுபிடித்தோம். முதலில் கண்டுபிடித்தது வேறு.

நீதிபதி மஞ்சள் டம்ளரில் கரண்டியை விட்டு முட்டையைத் தேடினாள். ஏதோ தட்டுப்பட்டது, தூக்கினாள். கரண்டியில் வந்தது முட்டை இல்லை. மேல் வரிசையும் கீழ் வரிசையுமாக விசில்காரரின் பல் செட், கல்யாணத்துக்குப் புறப்பட்டது போல மஞ்சள் பூசிக்கொண்டு வந்தது.

அண்ணி வாயிலிருந்த பல்லைக் கையில் எடுத்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. எங்கள் எல்லாரிலும் பொடிசு ஒருத்திதான் மகிழ்ச்சியாக இருந்தாள். வெள்ளையாக, வழுவழுவென்று இருந்தது, முக்கினேன் என்றாள். எங்கே குற்றம் கண்டுபிடிப்பது? ஒரு வார்த்தை பிசகாமல் அம்மா சொன்னதைச் செய்திருந்தது பிள்ளை.

அண்ணி அவளைத் திட்டவில்லை. அதுதான் அண்ணி. டம்ளருக்குள் விரலை விட்டு, தண்ணீர் ஆறியிருக்கிறதா என்று பார்த்தார். ஆறியிருந்தது. செட்டை அலம்பி அச்சின் மேல் பொருத்தி, நாலு பக்கமும் அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. வளையவில்லை, அது போதும் என்று மூச்சு விட்டார். பிறகு பிரஷ், சோப்பு, பாலிஷ் மெஷின் என்று ஒன்று விடாமல் முயன்றார். மேலாக இருந்த மஞ்சள் போயிற்று. ஆனால் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே, ஈறு தொடங்குகிற ஓரத்திலெல்லாம் இறங்கிய மஞ்சள் போகவில்லை. இன்னும் தேய்த்தால் இடது பக்கத்துத் தட்டையான பல் தேயும், விசில் நிற்காது. அண்ணி மெஷினை நிறுத்திவிட்டார். மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, செவ்வாய்க்கிழமை பழைய நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான் என்று மெல்லச் சொன்னார்.

பின்னால் நூறு முட்டை இளித்துக்கொண்டிருக்க, அவர் அப்படிச் சொன்னதை என்னால் தாங்க முடியவில்லை. எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். சலவைக் கடையில் ஒருத்தி எதற்கு நிற்கிறாள் என்று கத்தினேன். சட்டையில் மஞ்சள் கறை பட்டால் சோப்பா போடுகிறோம், வெயிலில் போடுகிறோம் இல்லையா, மஞ்சளுக்கு வெயில்தானே ஆகாது என்றேன். அண்ணி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். வாயை அல்ல, முகத்தை.

அடுத்த நிமிஷம் எல்லாரும் மொட்டைமாடியில் இருந்தோம். காயவும் கூடாது என்பதால் கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிச் செட்டை அதில் போட்டோம். வசந்தகால வெயில் ஓர் இடத்தில் நிற்குமா? மேகம் வரும், போகும், தண்ணீர்த் தொட்டியின் நிழல் வந்து விழும். வாலு வானத்தைப் பார்த்து மேகம், மேகம் என்று கத்துவான். நீதிபதி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெயில் இருக்கிற மூலைக்கு ஓடுவாள். பொடிசு இரண்டு கையையும் விரித்துக் காக்காய் விரட்டிக்கொண்டே பின்னால் ஓடுவாள். சும்மா இருக்க முடியாமல் முட்டைகளையும் மேலே கொண்டு வந்து கைப்பிடிச் சுவரில் வரிசையாகக் காய வைத்தார்கள். பல் செட் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்தது. நான் கிண்ணத்துக்குள் பார்த்துப் பார்த்து, போகுது அண்ணி, போகுது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முழுதாகப் போவதற்குள் விசில்காரர் வந்துவிட்டார். சொன்ன நேரத்துக்கு வெகு முன்னால். ஆசை யாரை விட்டது? கீழே கதவு திறந்து கிடக்க, மாடியில் கூச்சல் கேட்க, படியேறி வந்துவிட்டார். கறுப்புச் சட்டை, கறுப்பு அரைக்கால் சட்டை, கழுத்தில் விசில். வாசலில் நின்று பார்த்தவரை, சுவர் நெடுக நூறு முட்டைகள் பல்லைக் காட்டி வரவேற்றன.

இன்னும் தயாராகவில்லை, நாளைக்கு வாருங்கள் என்று சொல்லிவிடலாம் என்று அண்ணியின் காதில் ஓதினேன். அண்ணி கூடாது என்று தலையை ஆட்டினார். கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றார்.

"ஐயா, தப்பு நடந்துபோச்சு. வேலை சரியா வந்திருக்கு, நிறம் கெட்டுப்போச்சு. மஞ்சள்ல விழுந்துடுச்சு."

"விழல," என்றாள் பொடிசு. "நான்தான் முக்கினேன்."

விசில்காரர் அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். செட்டை எடுத்து உதறி, திரும்பி நின்று போட்டுக்கொண்டார். தண்ணீர்த் தொட்டியின் தகரத்தில் முகம் தெரிகிற இடத்துக்குப் போய்ப் பல்லைக் காட்டினார். இந்தப் பக்கம் திரும்பினார், அந்தப் பக்கம் திரும்பினார். கிட்டப் போனார். அந்த மனிதர் பேசுவதற்குள் எனக்கு ஒரு வயது கூடிவிட்டது.

"இதுதாம்மா," என்றார். "நாப்பது வருஷம் டீ குடிச்ச வாய் இப்படித்தான் இருக்கும். டைல்ஸ் இல்ல இது. என் பல்லு."

அண்ணிக்கு அது புகழ்ச்சியாகவே படவில்லை. இது நிலையான நிறம் இல்லை, வெயிலில் போகப்போக வெளுத்துவிடும், டாக்டர் குறித்த நிறத்துக்கே வந்துவிடும் என்று கவலையோடு விளக்கத் தொடங்கினார். அவர் கேட்கவில்லை. விசிலை எடுத்து இடது ஓரத்தில் வைத்துக் கடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? தெருவில் நாய்கள் எழுந்து நின்றன. எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவர் துணியை விட்டுவிட்டார். முனையில் சைக்கிளில் போன பையன் பிரேக்கைப் பிடித்து, தன்மேல் என்ன தப்பு என்று சுற்றுமுற்றும் பார்த்தான். விசில் நின்றது. அவர் அதை வாயிலிருந்து எடுத்தார். விசில் மட்டும் வந்தது. பல் பல்லிருந்த இடத்தில் இருந்தது.

மறுபடி ஊதினார். மறுபடியும். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு. கண்ணோரம் ஈரமாகிவிட்டது, அதை மறைக்கவும் இல்லை அவர். பிறகு முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து, தப்பாட்டம் ஆடுகிறவர்களை எச்சரிக்கிற மஞ்சள் அட்டையை எடுத்துப் பொடிசின் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டினார். அவள் அதைப் பரிசு என்று எடுத்துக்கொண்டாள். எம்பிப் பிடுங்கியவள் திருப்பித் தரவே இல்லை. நீதிபதி நியாயம் பேசிப் பார்த்தாள், வாலு மிரட்டிப் பார்த்தான். கடைசியில் பொடிசு தானே இறங்கி வந்து, அட்டைக்குப் பதிலாகத் தன் முட்டை ஒன்றை அவர் பையில் வைத்தாள். மஞ்சளில் முக்கிய முட்டை. எத்துப்பல்லும் இடுக்குமாக இளிக்கிற முட்டை. அவர் நேரமாகிவிட்டது என்று அதோடேயே கிளம்பினார்.

மைதானத்தில் அன்று நல்ல கூட்டம். பிள்ளைகளோடும், அவர்கள் விடாப்பிடியாகக் கொண்டு வந்த முட்டைகளோடும் நாங்கள் ஓரத்தில் நின்றோம். சற்றுத் தள்ளி டாக்டர் நின்றிருந்தார். முதல் விசிலுக்கே மைதானம் முழுக்க ஓவென்று கத்தியது. ஆட்டக்காரர்களுக்குத்தான் திண்டாட்டம். கேட்காத மாதிரி ஓட இனி முடியாது. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு தடியன் எதிராளியின் காலை வாரிவிட்டான். விசில் பறந்தது. விசில்காரர் ஓடி வந்து அவன் முன்னால் நின்று, பழக்கத்தில் சட்டைப் பைக்குள் கையை விட்டு, எடுத்ததை ஆகாசத்துக்கு உயர்த்தினார்.

முட்டை. மஞ்சள் முட்டை. தடியனைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தது.

தடியன் அண்ணாந்து முட்டையைப் பார்த்தான். நடுவரைப் பார்த்தான். எதிர்த்துப் பேசத் திறந்த வாயை மூடிக்கொண்டு, முட்டைக்கு மரியாதை கொடுத்துப் பின்வாங்கினான். கூட்டம் ஒரு கணம் திகைத்தது. அப்புறம் வெடித்தது. விசில்காரர் நிமிர்ந்து தன் கையைப் பார்த்தார். தோள் குலுங்கியது. அவர் சிரித்தார். பல் முழுக்கத் தெரியச் சிரித்தார், ஒரு பல்லும் அசையவில்லை. பக்கத்தில் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிந்தது அவருக்கு. இரண்டு கையிலும் பிள்ளைகள் கொடுத்த முட்டைகள். வாயை மூடிக்கொள்ளக் கையே இல்லை. அந்தப் பாதிப் பல்லோடு என் அண்ணி எவ்வளவு அழகு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. சொல்லவும் சொன்னேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

டாக்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அண்ணியிடம் ஒன்றே ஒன்று கேட்டார். செவ்வாய்க்கிழமையிலிருந்தே ஆள் அனுப்பலாமா? பழைய நாற்காலியை ஆஸ்பத்திரிக்காரர்கள் பிறகு வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் என்று கேள்வி.

இப்போது முன்னறை அலமாரியில் டப்பாக்கள் நிறைந்து கிடக்கின்றன. அலமாரிக்குப் பூட்டும் போட்டாயிற்று. பஸ்ஸில் அண்ணியின் முழங்கைக்கு ஓய்வே இல்லை.

அடுத்த வசந்த விடுமுறையன்று காலையில், மேசையில் செய்தித்தாள் விரித்துச் சாயம் கரைத்துக்கொண்டிருக்கும்போதே கதவு தட்டப்பட்டது. விசில்காரர். கன்னம் ஒட்டி, வாய் பொக்கையாக நின்றார். அண்ணி பதறிப்போய், உடைந்துவிட்டதா, வலிக்கிறதா என்று எழுந்து ஓடினார். அவர் கையை அசைத்து அண்ணியை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, நேராகப் பொடிசிடம் போய்க் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். வெயிலில் வெளுத்துப் பழையபடி டைல்ஸாகியிருந்தது. பொடிசு உள்ளே எட்டிப் பார்த்தாள். வெள்ளையாகத்தான் இருந்தது, வழுவழுவென்றும் இருந்தது. வாங்கி மஞ்சள் டம்ளரில் போட்டாள். அது சாயம் பிடிக்கிறவரைக்கும் அவர் எங்களோடு மேசையில் உட்கார்ந்து ஒரு முட்டைக்குப் பல் ஒட்டினார்.